காட்டிக் கொடுக்கும் மருந்தே குணமும் தரும்



கழுத்துக் கட்டியோடு குருவிகுளம், சங்கரன்கோவில் பக்கமிருந்து பெரிய மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவரிடம், "உங்களுக்குக் கதிரியக்க மருந்து கொடுக்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னால், நோயாளியும் வீட்டாரும் கலங்கிப் போவது இயல்பே. அந்த மருந்து என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் நீங்கிவிடும்.

கழுத்தின் முன்பக்கத்தில் உள்ள தைராய்டு சுரப்பிக்கு, தன் சுரப்பு நீரைத் தயாரிக்க அயோடின் வேண்டும். இரத்தத்தில் வரும் அயோடினை அது தேடி இழுத்துக்கொள்ளும். தைராய்டு புற்றுநோயின் பல வகைகளுக்கும், அவை நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவியபின்னும், இந்தக் குணம் ஓரளவு இருக்கும். ஆகவே அறுவை சிகிச்சையில் சுரப்பியை எடுத்தபின், மீதியிருக்கும் நோயைத் தேட அயோடின்-131 என்ற கதிரியக்க ஐசோடோப்பைக் கொடுக்கிறார்கள். இது மாத்திரையாகவோ திரவமாகவோ வாய்வழியே உட்கொள்ளப்படும்.

இதிலிருந்து இருவகைக் கதிர்கள் வெளிப்படுகின்றன. காமா கதிர் உடலைக் கடந்து வெளியே வருவதால், காமா கேமரா அதைப் பிடித்து நோய் எங்கே இருக்கிறது என்று படமாகக் காட்டுகிறது. பீட்டா கதிர் ஓரிரு மில்லிமீட்டர் தூரமே சென்று, மருந்து தங்கிய இடத்திலுள்ள செல்களை அழிக்கிறது. படம் எடுக்கச் சிறிய அளவு போதும். சிகிச்சைக்குப் பெரிய அளவு தேவை. அயோடினை ஏற்காத வகைப் புற்றுநோய்க்கு இது பயன்படாது. அதை முன்கூட்டியே அறிந்துகொண்டால் வீண் சிகிச்சையும் வீண் செலவும் தவிர்க்கப்படும்.

இது இன்று நேற்று வந்த வைத்தியம் அல்ல. 1941ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் சால் ஹெர்ட்ஸ், தைராய்டு மிகையாகச் சுரந்த நோயாளிக்குக் கதிரியக்க அயோடினை முதன்முதலாகக் கொடுத்தார். இன்று இதே வழி வேறு புற்றுநோய்களுக்கும் விரிந்துள்ளது. நியூரோ எண்டோகிரைன் கட்டிகளைக் காலியம்-68 காட்டித் தருகிறது. அதே இடத்தைத் தேடிச் சென்று லுட்டீசியம்-177 தாக்குகிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கும் இவ்வகை மருந்து உண்டு. 1900ல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் இன்று அணு மருத்துவப் பிரிவு செயல்படுகிறது. அயோடின்-131, லுட்டீசியம்-177 இரண்டும் மும்பை டிராம்பேயில் உள்ள அணு உலையில் தயாராகின்றன.

இந்த மருந்தைச் சேமித்து வைக்க முடியாது. அயோடின்-131ன் கதிரியக்கம் 8 நாளில் பாதியாகும். 16 நாளில் கால் பங்காகும். ஆகவே குறித்த நாளில் நோயாளி போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் அயோடின் உப்பும் மீனும் தவிர்த்த உணவு, டாக்டர் சொன்னபடி தைராய்டு மாத்திரையை நிறுத்துதல் ஆகியவையும் அவசியம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இம்மருந்து கொடுக்கப்படுவதில்லை.

சிகிச்சைக்குப் பெரிய அளவில் மருந்து உட்கொண்டவரைச் சில நாள் தனி அறையில் வைத்திருந்து, கதிரியக்கம் அனுமதித்த அளவுக்குக் குறைந்தபின்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டிலும் டாக்டர் சொல்லும் நாள்வரை தனியே படுக்க வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டு விலகியிருக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும். இது ஒட்டுகிற நோய் அல்ல. அந்த நாட்கள் கடந்தபின்னும் அவரை ஒதுக்கி வைப்பது, நோயைவிடப் பெரிய வேதனையைத் தரும்.

உங்கள் சபையில் யாருக்காவது இச்சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், துணைக்கு ஓர் ஆள், வழிச்செலவு, திரும்பி வந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு ஆகிய மூன்றையும் முன்னதாகவே ஏற்பாடு செய்து கொடுங்கள். குறித்த நாள் தவறாமல் அவர் போய்ச் சேர அது பேருதவியாக இருக்கும்.