பாரம் ஏறினால் உதறும் டர்போ எஞ்சின்

ஊருக்குள் ஒழுங்காக ஓடுகிற கார், நெடுஞ்சாலையில் லாரியை முந்த ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் உதறுகிறது. இழுவையும் வருவதில்லை. மெக்கானிக்குகள் இதை ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்பார்கள். டர்போ வைத்த பெட்ரோல் வண்டியாக இருந்தால் முதல் சந்தேகம் டர்போ மீதே விழுகிறது. வண்டியிலேயே விலை கூடிய உறுப்புகளில் ஒன்றான அதைக் கழற்றுவதற்கு முன், கோளாறு எப்போது வருகிறது என்று கேட்டாக வேண்டும். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு விசிறியைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய சிறிய கார்களில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுழலும். அழுத்தும்போது சூடேறும் காற்றை இன்டர்கூலர் ஆறவைத்து அனுப்புகிறது.

வண்டி ஐடிலில் நிற்கும்போது சிலிண்டர்களுக்குக் காற்றுப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. மிதித்ததும் அதே இடத்தில் அழுத்தம் வெளியைவிட ஏறிவிடும். இரண்டு மடங்கை நெருங்கும் எஞ்சின்களும் உண்டு. ஆகவே ஐடிலில் சாதுவாக இருந்துவிட்டுப் பாரத்தில் மட்டும் உதறுகிற எஞ்சினில், கூடிய அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாத ஏதோ ஒன்றைத்தான் தேட வேண்டும்.

அது பெரும்பாலும் ஸ்பார்க் பிளக்காக இருக்கும். பிளக்கின் இரு முனைகளுக்கு இடையில் பொறி தாவ எவ்வளவு மின்னழுத்தம் தேவை என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, இடைவெளியின் அகலம். மற்றது, அங்கே நிற்கும் காற்றின் அடர்த்தி. ஃபிரெடரிக் பாஷன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1889-இல் கண்டறிந்த விதி இது. டர்போ காற்றைத் திணித்துவிட்டதால் அடர்த்தி ஏற்கெனவே கூடியிருக்கிறது. ஓடி ஓடி பிளக்கின் முனை தேய்ந்து இடைவெளியும் அகன்றுவிட்டால், பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் இக்னிஷன் காயில் தரும் மின்னழுத்தம் போதாது. பொறி விழாமல் போகும். அல்லது காயிலின் ரப்பர் உறையில் உள்ள வெடிப்பு வழியாகப் பக்கவாட்டில் பாய்ந்துவிடும். டர்போ எஞ்சின்களுக்குப் பல தயாரிப்பாளர்கள் 0.7 மி.மீ. அளவிலான குறுகிய இடைவெளியைச் சொல்வது இதனால்தான். டர்போ இல்லாத எஞ்சினில் இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடக்கூடிய பிளக், இங்கே முன்கூட்டியே கைவிட்டுவிடும்.

அடுத்து ஹோஸ்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக த்ராட்டில் வரை போகும் ரப்பர் குழாயில் ஒரு கீறல், தளர்ந்த ஒரு கிளிப் போதும். மிதிக்கும்போது ‘உஸ்’ என்ற சத்தத்தோடு காற்று வெளியேறும். உள்ளே வரும் காற்றை ஏர் ஃபில்டருக்கு அருகிலேயே அளக்கும் சென்சார் கொண்ட வண்டிகளில் இது இரட்டைத் தொல்லை. அளந்த காற்று முழுவதும் வந்து சேரும் என்று நம்பிக் கணினி பெட்ரோல் ஊற்றுகிறது. காற்று பாதி வழியில் தப்பிவிடுகிறது. கலவையில் பெட்ரோல் மிஞ்சி, இழுவைக் குறைவும் மிஸ்ஸிங்கும் ஒன்றாக வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடிக்க, குழாய்க்குள் புகையைச் செலுத்திப் பார்ப்பதே நம்பகமான வழி.

ஸ்கேனர் மாட்டினால் கோட் வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், பி0302 என்றால் இரண்டாவதில். பி0300 எந்த ஒரு சிலிண்டரையும் குறிக்காது. பி0299 டர்போ அழுத்தம் போதவில்லை என்கிறது. இவை எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்கின்றன. ஏன் என்று சொல்வதில்லை. பி0299-ஐப் பார்த்ததும் டர்போவுக்கு ஆர்டர் கொடுப்பது அவசரம். பி0302 வந்தால் இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கு மாற்றி, கோட்-ஐ அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0302-வே திரும்பினால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று தேடலாம். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை.

செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அதன் உட்புறம் உருகி அடைத்துக்கொள்ளும். புகை வெளியேற வழியில்லாத எஞ்சினுக்கு இழுவை மேலும் குறையும். ஒரு பிளக்கில் முடிந்திருக்க வேண்டிய செலவு எங்கேயோ போய்விடும்.

இவ்வளவும் பார்த்த பிறகே டர்போ. எஞ்சின் நன்றாக ஆறிய பின் குழாயைக் கழற்றி, விசிறித் தண்டை விரலால் அசைத்துப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான டர்போக்களில் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதப்பதால் அந்த ஆட்டம் இயல்பானது. முன்னும் பின்னும் தெளிவாக ஆடினாலோ, விசிறி சுவரில் உரசிய தடம் இருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. அப்போதும் டர்போவை மட்டும் மாற்றினால் போதாது. அதற்கு எண்ணெய் கொண்டுவரும் குழாயில் கசடு இருந்தால் புதியதும் எண்ணெய் இல்லாமல் தேயும். அந்தக் குழாயையும் மாற்றி, எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.