அட்டவணையின் முன்னிலையை வினவுதல்

தொடர்புசார் தரவுத்தளத்தில் செய்திகள் அட்டவணைகளாக நிரைநிரையே அடக்கப்பெறும். ஒரு நிரையைத் திருத்தின், முன்னிருந்தது மறையப் புதியதே நிற்கும். நேற்றிருந்தது யாதென வினவின், விடைகூற அவ்வட்டவணையால் இயலாது. இக்குறை நீங்கும் வகையை ஈண்டு ஆராய்வாம்.

மாணவரொருவர் 58 மதிப்பெண் பெற்றாரென ஜூன் 3-ஆம் நாள் பதியப்பட்டதாகக் கொள்வோம். 5-ஆம் நாள் உதவித்தொகைப் பட்டியல் வெளியாக, 60 எய்தாமையால் அவர் பெயர் விடுபட்டது. 8-ஆம் நாள் மறுமதிப்பீட்டில் 64 என முடிவாகி, 10-ஆம் நாள் அட்டவணை திருத்தப்பட்டது. பின்னர் அதனை நோக்குவோர், 64 பெற்றாரை விலக்கியது அநீதியென்றே கூறுவர். அலுவலர்மேற் பழி சுமத்துமுன், 5-ஆம் நாள் அட்டவணை கூறியது யாதென அறிதல் வேண்டுமன்றோ?

2011-ஆம் ஆண்டின் எஸ்.க்யூ.எல். நியமம் இதற்கு வழி வகுத்தது. மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2016-ஆம் பதிப்பு முதல் இவ்வசதியை உடையது. அதன்கண் ஒவ்வொரு நிரைக்கும் தொடக்கநேரம், முடிவுநேரம் என இரண்டு உள. நடப்பு நிரையின் முடிவு 9999 டிசம்பர் 31 எனப் பொறிக்கப்பெறும். திருத்துங்கால், பழைய நிரை தன் முடிவுநேரத்துடன் வரலாற்று அட்டவணைக்குச் செல்லும். ‘ஃபார் சிஸ்டம் டைம் ஆஸ் ஆஃப்’ என்னுந் தொடருடன் 5-ஆம் நாளைக் குறித்து வினவின், 58 என்பதே விடை. தொடக்கக்கணம் நிரைக்கு உரியது, முடிவுக்கணம் உரியதன்று. ஆதலின் ஒரு கணத்திற்கு இரு விடை வாரா. அந்நேரங்கள் உலகப் பொது நேரத்தில் அமைவன. இந்திய நேரத்தினின்று 5 மணி 30 நிமிடம் கழியாது வினவுவோர் பிறிதொரு நிலையைக் காணவுங்கூடும்.

நிற்க. 9-ஆம் நாளைக் குறித்து வினவின் யாது வரும்? அன்றும் 58 என்றே வரும், உண்மையோ 64. அட்டவணை அறிந்த காலம் வேறு, உலகில் நிகழ்ந்த காலம் வேறு. பின்னதற்குத் தனி நிரல்கள் வேண்டும். அவற்றிற்கும் அந்நியமம் இடந்தந்துளது. பட்டியல் 9-ஆம் நாள் வெளியாகியிருப்பின், அட்டவணையை நம்பி அதனை எழுதினவர் குற்றமற்றவர். முடிவைப் பதியாது வைத்திருந்தவரே விடைகூறற்குரியர்.

இவ்வெண்ணம் புதிதன்று. பெர்க்கிலியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழுவினர் 1980-களில் ஆக்கிய போஸ்ட்கிரஸ் பழைய நிரைகளைப் பேணிற்று. அதன் வழித்தோன்றலோ இடமும் விரைவுங் கருதி 1997-இல் அவ்வசதியைக் கைவிட்டது. பாடவேறுபாடுகளைப் பேணும் பதிப்பாசிரியரைப் போற்றும் எம்மனோர்க்கு இஃது இழப்பாகவே தோன்றுகின்றது.

ஒன்று கூறவேண்டும். திருத்தியவர் யாரென வரலாற்று அட்டவணை தானே உரையாது. அதற்கெனத் தனி நிரலொன்றை முன்னரே அமைத்துவைத்தல் வேண்டும்.