சிம்லாவாக நடித்த பினாங்கு

பள்ளி, கல்லூரிப் பருவத்தினரின் நட்பையும் காதலையும் மையமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், அக்கதைமாந்தர் நடந்த தெருவையும் அமர்ந்த படிக்கட்டையும் நேரில் காணப் புறப்படும் வழக்கம் கடந்த இருபது ஆண்டுகளில் ஆசியா முழுவதும் வேரூன்றிவிட்டது. பள்ளிக்காலக் காதலில் தொடங்கும் கொரியத் தொடரான ‘விண்டர் சொனாட்டா’ 2002இல் ஒளிபரப்பான பின், அதன் காட்சிகள் எடுக்கப்பட்ட நாமி தீவுக்கு அண்டை நாடுகளிலிருந்து இரசிகர்கள் திரண்டதை இவ்வழக்கத்தின் முக்கியமான தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்ளலாம். திரைப்படம் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. தொடரோ மாதக்கணக்கில் அதே வீட்டையும் அதே தெருவையும் திரும்பத் திரும்பக் காட்டுவதால், 2006இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கனா காணும் காலங்கள்’ தொடரைத் தங்கள் பள்ளிப் பருவத்தில் பார்த்தவர்களுக்கு அதன் வகுப்பறை தாம் படித்த வகுப்பறைக்கு நிகராக நினைவில் நிற்பதைப் போல, பார்க்காத இடமும் பழகிய இடமாகிவிடுகிறது. அந்தப் பழக்கமே பிற்காலத்தில் பயணமாகிறது.

இத்தகைய பயணிகளுக்கு மலேசியாவின் பினாங்குத் தீவும் அதன் தலைநகரான ஜார்ஜ் டவுனும் தனித்தன்மை வாய்ந்த இடங்கள். பிற ஊர்களில் திரையில் கண்ட ஊரும் நேரில் காணும் ஊரும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்; பினாங்கு பெரும்பாலும் வேறோர் ஊராகவே திரையில் தோன்றியிருக்கிறது. 1992இல் வெளிவந்த ‘இந்தோசீன்’ என்ற பிரெஞ்சுப் படத்தில் அது பிரெஞ்சு ஆட்சிக்கால வியட்நாமாயிற்று. ஜான் பூர்மன் இயக்கிய ‘பியாண்ட் ரங்கூன்’ படத்தில் 1988ஆம் ஆண்டு மக்கள் எழுச்சி நிகழ்ந்த ரங்கூனாயிற்று. தாய்லாந்து அரசு படப்பிடிப்புக்கு இசைவு தராததால் மலேசியாவுக்கு வந்த ‘அன்னா அண்ட் த கிங்’ படத்தில் 1860களின் சயாம் நாடாயிற்று. 2015இல் ஒளிபரப்பான பிரிட்டிஷ் தொடரான ‘இந்தியன் சம்மர்ஸ்’ அதை இமயமலைச் சாரலிலுள்ள சிம்லாவாகவே மாற்றிவிட்டது.

இத்தனை வேடங்களுக்கும் பொருந்தும் பழைய முகம் இந்நகரத்துக்கு எவ்வாறு வாய்த்தது என்பதற்குக் கலை உணர்வைக் காட்டிலும் சட்டமே கூடுதலாக விடை தருகிறது. 1948 ஜனவரி இறுதிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்தவும் குடியிருப்போரை வெளியேற்றவும் உரிமையாளர்களுக்கு இருந்த உரிமையை மலேசியாவின் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடுமையாக வரையறுத்தது. வாடகை மிகக் குறைவாக இருந்ததால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதில் உரிமையாளருக்கு ஆதாயம் இல்லை. குறைந்த வாடகையில் வாழ்ந்த தையற்காரர், தட்டார், நாட்டு மருந்துக் கடைக்காரர் ஆகியோருக்கு வெளியேறத் தேவை இல்லை. இவ்வாறு கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த கடைவீடுகளும், அவற்றின் முன்னால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடப்பதற்கென ஐந்தடி அகலத்தில் விடப்பட்ட, மலேசியத் தமிழர் ‘அஞ்சடி’ என்றழைக்கும் கூரையிட்ட நடைபாதைகளும் தெருத்தெருவாக அப்படியே எஞ்சின. வேறு நகரங்களில் பெருஞ்செலவில் அரங்கமாக அமைக்க வேண்டிய ஒரு காலனியக் காலத் தெரு, இங்கே விளம்பரப் பலகைகளை மறைத்து, தார்ச்சாலையின் மேல் மண் பரப்பினாலே கிடைத்துவிடும். 2008 ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ நிறுவனம் ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் சேர்த்து உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தபோது அது போற்றியதும் இந்தத் தெருக்களையும் அவற்றில் கலந்து வாழும் மக்களின் பண்பாட்டையுமே. 2013 முதல் மலேசியாவில் படமெடுக்கும் தயாரிப்பாளர்களுக்கு, அந்நாட்டுக்குள் அவர்கள் செய்யும் தகுதியான செலவில் 30 விழுக்காட்டை அரசு திருப்பித் தரும் திட்டம் நடைமுறைக்கு வந்ததும் படக்குழுவினரின் வருகைக்குத் துணைசெய்தது.

இந்திய வரலாற்றோடு நேரடித் தொடர்புடையது என்பதால் தமிழ் வாசகர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது ‘இந்தியன் சம்மர்ஸ்’ தொடரின் களமே. பால் ரட்மன் உருவாக்கிய இத்தொடர் பிரிட்டனின் சேனல் 4இல் 2015 பிப்ரவரியில் தொடங்கி, மறு ஆண்டு இரண்டாம் பருவத்தோடு முடிந்தது. 1864 முதல் பிரிட்டிஷ் இந்தியாவின் கோடைக்காலத் தலைநகராக விளங்கிய சிம்லாவில், 1932ஆம் ஆண்டில், ஆங்கில அதிகாரிகளும் விடுதலை உணர்வு கொண்ட இந்திய இளைஞர்களும் எதிரெதிரே நின்ற சூழலை அது சித்திரித்தது. ஆனால் இன்றைய சிம்லா கான்கிரீட் கட்டடங்களால் நிரம்பியிருக்கிறது. அங்கே பருவமழையும் படப்பிடிப்புக்கு இடையூறாக நீண்டு பெய்கிறது. ஆகவே படக்குழு பினாங்கு மலையைத் தேர்ந்தெடுத்தது.

மலாய் மொழியில் புக்கிட் பெண்டேரா என்றும் தமிழில் கொடிமலை என்றும் வழங்கும் இம்மலை 833 மீட்டர் உயரமுடையது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பினாங்கில் ஆங்கிலேயர் குடியேறிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே, மலையேறும் பாதை வெட்டப்பட்டு, வெப்பத்துக்கு அஞ்சிய அதிகாரிகள் ஓய்வெடுக்கும் இடமாக இது மாறியது. தொடக்கத்தில் குதிரையிலும், ஆட்கள் தோளில் சுமந்த டோலி நாற்காலியிலும் ஏறிய நிலை, கம்பிவடத்தால் இழுக்கப்படும் மலை இரயில் 1924 ஜனவரி முதல் நாள் முறைப்படி திறந்துவைக்கப்பட்டபோது மாறியது. இன்று ஓடுவது 2011இல் புதுப்பிக்கப்பட்ட இரயில். முன்பு நடுவழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்த ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தூரத்தை அது ஒரே ஓட்டத்தில் கடக்கிறது. ஆயர் ஈத்தாம் பகுதியிலுள்ள அடிவார நிலையத்துக்கு நகரத்திலிருந்து 204ஆம் எண் பேருந்து செல்கிறது.

மேலே, ‘இந்தியன் சம்மர்ஸ்’ இரசிகர்கள் தேடும் முதன்மையான கட்டடம் கிராக் ஹோட்டல். தொடரில் ஆங்கிலேயர் மட்டும் நுழையக்கூடிய சிம்லா கிளப்பாக, நாய்களுக்கும் இந்தியர்களுக்கும் அனுமதியில்லை என்ற பலகையோடு காட்டப்பட்டது இதுவே. உண்மையில் இதை ஒருகாலத்தில் நடத்தியவர்கள், பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியன்டல், சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஆகிய புகழ்பெற்ற விடுதிகளை நிறுவிய ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள். 1955 முதல் 1977 வரை இங்கே தோட்டத்துரைமார் பிள்ளைகளுக்கான அப்லண்ட்ஸ் என்ற உறைவிடப் பள்ளி இயங்கியது என்பது தொடரைப் பார்த்தோர் பலர் அறியாத செய்தி. கதையில் ஆதிக்கத்தின் அடையாளமாக நின்ற கூடங்களில் இருபதாண்டுக்கும் மேலாகச் சிறுவர் சிறுமியர் பாடம் படித்து விளையாடியிருக்கின்றனர். கூர்ந்து பார்ப்பவர்க்குத் தாவரங்களும் உண்மையைச் சொல்லிவிடும். 2,200 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லாவுக்கு உரியவை தேவதாரு மரங்கள். கொடிமலையிலோ மரம்போல் உயர்ந்து வளரும் பெரணிகளும் வெப்பமண்டலக் காடும்தான் கண்ணில் படுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் சிறு சன்னதியாகத் தொடங்கிய அருளொளித் திருமுருகன் ஆலயமும் இந்த மலையுச்சியில்தான் இருக்கிறது. கற்பனைச் சிம்லாவைத் தேடி ஏறுபவர், கடல் கடந்து வந்த தமிழர் தமக்கென எழுப்பிக்கொண்ட உண்மையான குன்றுதோறாடலை அங்கே காணலாம் என்பதால், மலைப்பயணத்தில் இவ்வாலயத்தைத் தவறவிடுவது பேரிழப்பு.

மலையிலிருந்து இறங்கி நகருக்குள் வந்தால், சர்ச் தெருவிலுள்ள பினாங்கு பெரானாக்கான் மாளிகை இளம் இரசிகர்களை, குறிப்பாகச் சீனக் குடும்பத்துப் பெண்களை, பெரிதும் ஈர்க்கிறது. பெரானாக்கான் என்போர் பல தலைமுறைகளுக்கு முன் இப்பகுதிக்கு வந்த சீன வணிகரின் வழித்தோன்றல்கள். மலாய் உடையையும் உணவையும் மொழியையும் தமதாக்கிக்கொண்ட இச்சமூகத்தில் ஆண்கள் பாபா என்றும் பெண்கள் நியோன்யா என்றும் அழைக்கப்படுவர். சிங்கப்பூரின் மீடியாகார்ப் நிறுவனம் தயாரித்து 2008 நவம்பரில் ஒளிபரப்பத் தொடங்கிய ‘த லிட்டில் நியோன்யா’ என்ற 34 பகுதித் தொடர், 1930களில் தொடங்கும் இச்சமூகக் குடும்பக் கதை ஒன்றைச் சொன்னது. வாய் பேச இயலாத தாயாகவும் பிற்காலத்தில் அவளுடைய மகளாகவும் ஜீனட் ஆவ் நடித்தார். தன் விருப்பத்துக்கு மாறான திருமணத்துக்குத் தள்ளப்படும் இளம்பெண் என்ற அதன் கரு, எந்த மொழியின் இளையோர்க்கும் அந்நியமானதன்று. அத்தொடரின் சில காட்சிகள் எடுக்கப்பட்ட இம்மாளிகையில், இரசிகர்கள் கெபாயா என்னும் பூவேலைச் சட்டையை வாடகைக்கு எடுத்து அணிந்து, கதாநாயகி போலப் படமெடுத்துக்கொள்கின்றனர்.

இவ்வீடும் ஒரு வகையில் வேடமிட்ட வீடே. 1890களில் இதைக் கட்டிய சுங் கெங் குவீ, பேராக் மாநிலத்தின் ஈயச் சுரங்கங்களால் பெருஞ்செல்வம் ஈட்டிய ஹக்கா சீனத் தலைவர். அவர் பெரானாக்கான் அல்லர். ஸ்காட்லாந்து இரும்புத் தூண்களையும் இங்கிலாந்துத் தரையோடுகளையும் சீன மரச்செதுக்கல்களையும் ஒன்றாகப் பொருத்திய அவரது இல்லம், பிற்காலத்தில் பெரானாக்கான் வாழ்க்கையைக் காட்டும் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டு, பழம்பொருள்களால் நிரப்பப்பட்டது. இதை அறிந்து பார்ப்பதால் தொடரின் சுவை குறைந்துவிடாது. ஒரு வீட்டில் இரண்டு வரலாறுகளைப் பார்த்த நிறைவே மிஞ்சும்.

லீத் தெருவிலுள்ள சியோங் ஃபாட் ஸீ மாளிகை, நீல மாளிகை என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. ‘இந்தோசீன்’ படத்திலும், 2018இல் வெளிவந்து இளைஞர்களிடையே பெரும் வரவேற்புப் பெற்ற ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தில் நாயகியும் காதலனின் தாயும் மாஜோங் என்னும் சீன ஆட்டத்தின் நடுவே மோதிக்கொள்ளும் காட்சியிலும் இடம்பெற்றது இதுவே. கதைப்படி அக்காட்சி நிகழ்வது சிங்கப்பூரில். 38 அறைகளும் ஐந்து முற்றங்களும் கொண்ட இம்மாளிகையின் சுவர்களில் பூசப்பட்ட நீலம், சுண்ணாம்புடன் கலந்த அவுரிச் சாயம். அச்சாயம் பிரிட்டிஷ் வணிகத்தின் வழியே இந்தியாவிலிருந்து வந்ததென்று மாளிகையின் வரலாறு கூறுகிறது. திரையில் சீனச் செல்வத்தின் நிறமாக மின்னிய அந்த நீலத்துக்குப் பின்னால், அவுரி பயிரிட்ட இந்திய உழவர்களின் உழைப்பும் இருக்கிறது. 1989இல் மரபு ஆர்வலர்கள் வாங்கிச் சீரமைத்த இம்மாளிகை இப்போது தங்கும் விடுதியாக இயங்குகிறது. தங்காதவர்களும் கட்டணம் செலுத்திக் குறிப்பிட்ட நேரங்களில் சுற்றிப் பார்க்கலாம்.

திரையில் கண்ட காட்சியையே நேரில் எதிர்பார்த்து வருவோர் ஏமாற்றமடைவதும் உண்டு. படக்கருவியின் அகன்ற கோண வில்லை சிறு முற்றத்தைப் பெரிய சபையாகக் காட்டும். நுழையும் வாசல் ஒரு கட்டடத்திலும் உள்ளறை வேறொரு நகரத்திலும் படமாக்கப்பட்டுப் படத்தொகுப்பில் ஒன்றாக இணைக்கப்படும். ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தில் காதலனின் குடும்ப மாளிகையாகத் தோன்றுவது பினாங்கில் இல்லை. கோலாலம்பூரின் கார்கோசா ஸ்ரீ நெகாரா என்ற காலனியக் கால மாளிகையே அது. எனவே புறப்படுமுன் காட்சியை மீண்டும் ஒருமுறை நிறுத்திப் பார்த்து, சன்னலின் அமைப்பு, தூணின் எண்ணிக்கை போன்றவற்றைக் குறித்துக்கொள்வது பயன் தரும்.

அருங்காட்சியகமும் விடுதியும் பார்வையாளருக்காகவே திறந்திருப்பவை. குடியிருப்புகள் அத்தகையவை அல்ல. ‘ஸ்லாம் டங்க்’ அசைபடத்தில் இடம்பெற்ற ஜப்பானின் காமாகுரா இரயில் கடவையில், சாலையை அடைத்து நின்று படமெடுக்கும் கூட்டத்தால் அப்பகுதி மக்கள் அல்லல்படுவது பலமுறை செய்தியாகியுள்ளது. பினாங்கில் கடலுக்குள் கால்நட்டு நிற்கும் மரவீடுகளைக் கொண்ட சீனக் குலப் படகுத்துறைகளிலும் இந்நிலை உண்டு. வாசலில் துணி உலர்த்துவதும் முன்னறையில் உண்பதும் அங்கே அன்றாட வாழ்க்கை என்பதை உணராத பயணிகளால் சலிப்படைந்த குடும்பங்கள், படமெடுக்கக் கூடாதென்ற பலகைகளை மாட்டியிருக்கின்றன. வாடகைக் கட்டுப்பாடு 1999 இறுதியோடு முடிவுற்ற பிறகு, பழைய குடியிருப்பாளர் பலர் நகரின் நடுப்பகுதியை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்கள் வாழ்ந்த கடைவீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. எஞ்சியிருப்போரின் பொறுமை அளவற்றதன்று. கதவைத் தட்டி அனுமதி கேட்டு, தலையசைப்பு கிடைத்த பின் படமெடுப்பதே முறை. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

பிற ஊர்களாக இத்தனைமுறை நடித்த பினாங்கு, தன் சொந்தப் பெயரில் தோன்றிய படங்களும் உள்ளன. சா தியோங் ஹின் இயக்கி 2017இல் வெளிவந்த ‘யூ மீன் த வேர்ல்ட் டு மீ’, உள்ளூர்ச் சீனர் பேசும் பினாங்கு ஹொக்கியன் வழக்கிலேயே முழுவதும் எடுக்கப்பட்டு, ஓர் இயக்குநர் தம் குடும்ப நினைவுகளை நோக்கித் திரும்புவதைச் சொன்னது. மலாய்த் திரையுலகின் ஈடிணையற்ற கலைஞரான பி. ரம்லி 1929இல் இத்தீவில்தான் பிறந்தார். அவர் பெயர் தாங்கிய சாலையில் உள்ள அவர் பிறந்த வீடு அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படுகிறது. அவர் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த, 1950இல் வெளிவந்த ‘பக்தி’ படத்தை இயக்கியவர் தமிழரான எல். கிருஷ்ணன். குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் ஆலயம், தமிழ் முஸ்லிம்களின் தலைவரான காதர் முகைதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் ஆகியவை நீல மாளிகையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கின்றன. ரங்கூனாகவும் சிம்லாவாகவும் ஒப்பனை செய்யப்பட்ட இத்தெருக்களில் பிறந்து, தமிழிலும் மலாயிலும் ஹொக்கியனிலும் மாறிமாறிப் பேசி வளரும் பிள்ளைகளின் பள்ளிக் கதையை அவர்களுடைய சொந்தத் தெருவிலேயே எடுக்க விரும்பும் இயக்குநருக்கு, புதிதாக எந்த அரங்கமும் அமைக்க வேண்டியதில்லை.