துப்பாக்கியைக் கீழே வைத்த பிள்ளையை யார் ஏற்றுக்கொள்வது?

1990 ஒக்டோபர் மாதக் கடைசியில் மன்னார்த் தீவிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. கரையில் எங்கள் மூட்டைகளைச் சோதித்தவர்களில் ஒருவனுக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை. தோளில் துப்பாக்கி. உம்மாவின் பையைக் கிளறியவன் அவன்தான். வள்ளம் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்த பிறகும், பல வருடங்கள் நான் வெறுத்த முகம் அது.

இன்று வண்ணாத்திவில்லுவில் அதே வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். வகுப்பில் அவர்களைப் பார்க்கும்போது சில நாட்களில் ஒரு கேள்வி வரும். அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார்? அவனைப் போன்றவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள்?

2003 முதல் 2008 இறுதி வரை விடுதலைப் புலிகள் 6,000க்கும் மேற்பட்ட சிறுவர்களைச் சேர்த்ததாக யுனிசெப் பதிவு செய்தது. 2004இல் பிரிந்த கருணா அணியும் இதையே செய்தது. சொந்தத்தைப் பறிகொடுத்த கோபத்திலும் வறுமையிலும் தாமாகப் போனவர்கள் உண்டு. பாடசாலைக்குப் போகும் வழியில் பிடிக்கப்பட்டவர்களும் உண்டு. வன்னியில் கடைசிக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் என்றானது. பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகவே இளவயதில் கல்யாணம் செய்துவைத்த பெற்றோர் பலர்.

இயக்கத்தில் சேர்ந்ததும் முதலில் மாறுவது பெயர். பெற்றோர் வைத்த பெயர் போய் இயக்கப் பெயர் வரும். பெண் பிள்ளைகளின் கூந்தல் கட்டையாக வெட்டப்படும். வீட்டுப் பிள்ளை என்ற அடையாளத்தைக் கழற்றிய பிறகுதான் துப்பாக்கி கையில் வரும். ஆகவே, திரும்பி வருவது என்பது துப்பாக்கியை வாங்கி வைப்பதோடு முடிவதில்லை. கழற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்ட சுமார் 12,000 பேரில் 594 பேர் சிறுவர்கள். அவர்கள்மீது வழக்குத் தொடரப்படவில்லை. அம்பேபுஸ்ஸ நிலையத்திலும் பின்னர் இரத்மலானை இந்துக் கல்லூரியிலும் தங்கவைத்துப் படிப்பும் தொழிற்பயிற்சியும் கொடுத்தார்கள். 2010 நடுப்பகுதிக்குள் பெற்றோரிடம் ஒப்படைத்தார்கள். சொந்தப் பெயர், பாடசாலைச் சீருடை, பரீட்சை, பிறகு வீடு என்ற ஒழுங்கு அது. இதில் குறைகள் இருந்தன. ஆனால் பிள்ளையைக் குற்றவாளியாக அல்லாமல் பாதிக்கப்பட்டவராகப் பார்த்தது சரியான முடிவு. 2007இல் பல நாடுகள் ஏற்ற பாரிஸ் கோட்பாடுகளும் இதையே சொல்கின்றன.

கஷ்டம் வீட்டுக்குப் போன பிறகுதான் தொடங்கியது. விசாரணைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கட்டை முடியோடு வந்த பெண் பிள்ளையை ஊர் ஒரு மாதிரிப் பார்த்தது. வரன் தள்ளிப்போனது.

நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றபோது வன்னியைச் சேர்ந்த ஒருவர் என் அறையில் இருந்தார். பதினாறு வயதில் பிடிக்கப்பட்டு, எட்டு மாதத்தில் தப்பி வந்தவர். என் கதையைக் கேட்ட இரவு அவர் சொன்னார்: "உங்களை அனுப்பேக்க நானும் சின்னப் பொடியன் சேர். ஆனா பிறகு அந்த உடுப்பை நானும் போட்டனான். யாரிட்ட மன்னிப்புக் கேக்கிறது எண்டு இவ்வளவு காலமும் தெரியேல்லை."

அன்று எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் காலையில் இரண்டு பிளேன்டீ வாங்கி வந்து ஒன்றை அவரிடம் கொடுத்தேன். அதற்கு மேல் நாங்கள் அதைப் பேசவில்லை.

நூறு பேரைக் கொன்ற மனிதரின் ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தவ்பா உண்டு என்று சொன்ன அறிஞர் அதோடு நிறுத்தவில்லை. இந்த ஊரை விட்டு நல்லவர்கள் வாழும் ஊருக்குப் போ என்றார். பாவத்திலிருந்து மீள வருந்தும் மனம் மட்டும் போதாது, ஏற்றுக்கொள்ள ஓர் ஊரும் வேண்டும் என்பதை நான் அதில் காண்கிறேன். நூறு பேரைக் கொன்ற பெரியவருக்கே அந்த வழி திறந்திருந்தது. பலவந்தமாகப் பிடிக்கப்பட்ட சிறுவனுக்கு எப்படி மூட முடியும்?

"அப்படியானால் எங்கள் இழப்புக்கு நீதி?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையும் வடக்கு வெளியேற்றமும் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் பிள்ளையை ஏற்பது, அவனை அனுப்பியவர்களை விடுவிப்பதாகாது. ஆயுத மோதலுக்குச் சிறுவரைச் சேர்ப்பதை இலங்கைச் சட்டம் 2006இல் குற்றமாக்கியது. அங்கே குற்றவாளி சேர்த்தவர்.

இது மற்றவர்களின் பிரச்சினை என்று நாம் இருந்துவிட முடியாது. 2019 ஜனவரியில் எங்கள் வண்ணாத்திவில்லுத் தென்னந்தோட்டம் ஒன்றில் வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டன. மூன்று மாதத்தில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்தது. அதன் பிறகு நாடெங்கும் கைதான நம் இளைஞர்களில் பலர் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். அவர்கள் சிறுவர் போராளிகள் அல்லர். பலர்மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவுமில்லை. அப்படியிருந்தும் அவர்களுக்கு ஸலாம் சொல்லத் தயங்கியவர்களை நான் பார்த்தேன்.

வெறுப்பைப் போதிப்பவன், தனித்துப்போன பிள்ளையைத்தான் முதலில் தேடி வருகிறான். வகுப்பில் அடிக்கடி வராமல்போகும் பிள்ளை, வீட்டில் பேச்சைக் குறைத்த பிள்ளை யார் என்று ஆசிரியரும் பெற்றோரும் பள்ளிவாசல் நிர்வாகமும் கவனிக்க வேண்டும். தவறிப்போய்த் திரும்பி வந்தவனைப் பட்டப்பெயர் சொல்லாமல் சொந்தப் பெயரால் கூப்பிட வேண்டும்.

கரையில் நின்றவன் உயிரோடிருந்தால் அவனுக்கு இப்போது ஐம்பது வயதளவில் இருக்கும். அவனை இப்போது நான் வெறுப்பதில்லை. அவனை வகுப்பறையிலிருந்து எடுத்துச் சென்றவர்களிடம்தான் என் கணக்கு இன்னும் பாக்கியிருக்கிறது.