ஒரு பகலில் கைத்தொழில் யாத்திரை

மதுரையின் காளவாசலிலிருந்து காலையில் புறப்படுபவர், முதலில் விளாச்சேரிக்குச் சென்று, அங்குள்ள கைவினைஞர்கள் களிமண்ணைப் பிசைந்து அச்சிலிட்டு, உலர்த்திச் சுட்டு, நவராத்திரிக் கொலுவுக்குரிய பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் அற்புதத்தைக் கண்டபின், மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் விஸ்தாரமாக வர்ணித்த வணிகப் பாரம்பரியம் இன்றளவும் ஜீவனோடு விளங்கும் தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகளிடையே நிதானமாக நடந்து செல்லலாம்.

மாலைப் பொழுதைச் சுங்குடிச் சேலைக் கலைக்கே ஒதுக்குவது உசிதம். சௌராஷ்டிரப் பெருமக்கள் மதுரையில் வளர்த்த அக்கலையில், துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் முடிந்து, சாயத்தில் தோய்த்துப் பின் முடிச்சவிழ்க்க, சாயமேறாத இடமெல்லாம் நட்சத்திரங்களாகப் பிரகாசிக்கும். 2005ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இச்சேலையில், அச்சிட்ட புள்ளிகள் மலிவாகக் கிடைப்பினும், கையால் முடிச்சிட்டதையே கேட்டு வாங்குங்கள்.