நிணநீர் மண்டலமும் அன்றாட உடல்நலமும்: யானைக்கால் நோயை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குருதியோட்டம் குறித்த அறிவு பரவியுள்ள அளவிற்கு நிணநீரோட்டம் குறித்த அறிவு பரவவில்லை. இதனால், மருந்துண்ட பின்னும் கால் வீக்கம் வடியாததைக் கண்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என யானைக்கால் நோயாளிகள் மனம் தளர நேர்கிறது. நிணநீர் மண்டலத்தின் இயக்கத்தை அறிந்தால், நாள்தோறும் தோலைத் தூய்மையாகப் பேணுவதே இந்நோய் முற்றாமல் காக்கும் முதன்மையான வழி என்பது புலனாகும். இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிணநீர், நிணநீர்க் கணு, நெறி கட்டுதல், யானைக்கால் நோய், தோல் பராமரிப்பு.

முன்னுரை

காலில் முள் தைத்துப் புண்ணானால், சில நாள்களில் தொடையிடுக்கில் வலியுடன் கட்டி தோன்றுவதுண்டு. இதனை ‘நெறி கட்டுதல்’ என மக்கள் வழங்குவர். புண் ஓரிடத்தில் இருக்க, வீக்கம் வேறோரிடத்தில் எழுவது ஏன்? இரண்டையும் இணைக்கும் பாதையே நிணநீர் நாளம். வீங்குவது அப்பாதையில் அமைந்த நிணநீர்க் கணு. வழக்கில் உள்ள இந்த அவதானிப்பை உடலியல் அறிவோடு பொருத்திப் பார்க்கும்போது, யானைக்கால் நோயின் போக்கும் தெளிவாகிறது.

நிணநீரின் தோற்றமும் ஓட்டமும்

இத்தாலிய மருத்துவர் காஸ்பரோ அசெல்லி, 1622இல் உணவுண்ட நாயொன்றின் குடலை ஒட்டிப் பால்நிற நாளங்கள் இருப்பதைக் கண்டார். குருதிச் சுற்றோட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வியின் நூல் வெளிவந்தது 1628இல்தான். குடலிலிருந்து கொழுப்பை ஏற்றுச் செல்லும் இந்நாளங்களும் நிணநீர் மண்டலத்தின் பகுதியே.

நுண்குருதிக் குழாய்களிலிருந்து கசியும் நீர்மம் திசுக்களுக்கு ஊட்டமளிக்கிறது. அதில் எஞ்சும் நீரையும், குருதிக்குழாய்க்குள் நேரே திரும்ப இயலாத புரதங்களையும் நிணநீர் நாளங்கள் ஏற்கின்றன. நாள்தோறும் சில லிட்டர் நீர்மம் இவ்வாறு கழுத்தடிச் சிரைகளின் வழியாகக் குருதியை மீண்டும் அடைகிறது. இடையிலுள்ள கணுக்களில் வெள்ளணுக்கள் நுண்கிருமிகளை அடையாளங்கண்டு எதிர்க்கின்றன. நெறி கட்டுவது அவ்வெதிர்ப்பின் வெளிப்பாடாகும்.

இவ்வோட்டத்திற்கு இதயம் போன்ற தனி உறுப்பு இல்லை. நாளச் சுவர்களின் சுருக்கமும், சுற்றியுள்ள தசைகளின் இயக்கமும், மூச்சினால் மார்பறையில் நிகழும் அழுத்த மாற்றமும் நிணநீரை உந்துகின்றன; நாளங்களினுள் உள்ள தடுக்கிதழ்கள் அது பின்னோக்கி வழியாமல் காக்கின்றன. நெடுந்தொலைவு காலைத் தொங்கவிட்டுப் பேருந்தில் பயணம் செய்தவருக்குக் கணுக்கால் வீங்குவதற்குத் தசையியக்கம் குன்றுவதும் ஒரு காரணமாகும்.

யானைக்கால் நோயில் நிகழ்வது

இந்தியாவில் யானைக்கால் நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது உச்செரேரியா பாங்க்ராஃப்டி என்னும் நூல் போன்ற புழுவாகும். அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு இதனைப் பரப்புகிறது. ஃபைலேரியா புழு கொசுவின் உடலில் வளர்வதைப் பாட்ரிக் மான்சன் 1877இல் சீனாவின் அமோய் நகரில் கண்டறிந்தார். முதிர்ந்த புழுக்கள் நிணநீர் நாளங்களில் பல்லாண்டுகள் வாழ்ந்து அவற்றை விரிவடையச் செய்கின்றன. விரிந்த நாளத்தில் தடுக்கிதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதால், நிணநீர் தேங்குகிறது.

காலம் செல்லச் செல்ல நோய் முற்றுவதற்குப் புழு மட்டும் காரணமன்று. புரதம் மிகுந்த நீர் தேங்கிய தோல் தடித்து மடிப்புகள் விழுகின்றன. விரலிடுக்கில் ஈரம் தங்கிச் சேற்றுப்புண் உண்டாகிறது. அவ்வெடிப்பின் வழியே நுண்ணுயிரிகள் நுழைகின்றன. ஓட்டம் தடைபட்ட காலில் அவற்றை எதிர்க்கும் ஆற்றலும் குன்றியிருப்பதால், குளிர்காய்ச்சலும் நெறியும் காலில் சிவந்த வீக்கமும் தோன்றுகின்றன. ஒவ்வொரு காய்ச்சலும் எஞ்சிய நாளங்களைத் தழும்பாக்குவதால் வீக்கம் மேலும் பெருகுகிறது. பெருகிய வீக்கம் அடுத்த காய்ச்சலுக்கு இடமளிக்கிறது.

அன்றாடப் பராமரிப்பின் இடம்

இந்தியாவில் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கப்பட்டது; உலக சுகாதார நிறுவனம் 2000இல் உலகளாவிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இத்திட்டங்களில் வழங்கப்படும் டைஎத்தில்கார்பமசின் முதலிய மருந்துகள் குருதியிலுள்ள இளம்புழுக்களைக் குறைத்து நோய் பரவுவதைத் தடுக்கின்றன. ஆயின், சிதைந்த நாளத்தை அவை பழைய நிலைக்குக் கொணர்வதில்லை. ஆகவே, பரவல் நின்ற ஊரிலும் முன்னரே கால் வீங்கியவரின் தேவை தொடர்கிறது.

மேற்கூறிய சுழற்சியை நோயாளியால் அறுக்கக்கூடிய இடம் தோலே. நாள்தோறும் சாதாரண சோப்பும் தூய நீரும் கொண்டு காலைக் கழுவுதல், மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் மென்துணியால் ஈரமற ஒற்றியெடுத்தல், வெடிப்புகளுக்கும் சேற்றுப்புண்ணுக்கும் உடனே மருந்திடுதல், காலணி அணிதல், அமரும்போதும் உறங்கும்போதும் காலை உயர்த்தி வைத்தல், கணுக்காலை மடக்கி நீட்டுதல் ஆகியன போதும். பிரேசிலின் ரெசிஃபி நகரில் மருத்துவர் ஜெருசா டிரேயர் மேற்கொண்ட பணிகள், இத்தகைய தூய்மைப் பழக்கம் காய்ச்சலின் வருகையைக் குறைப்பதை உலகறியச் செய்தன. காய்ச்சல் வந்த நாள்களில் மட்டும் பயிற்சியைத் தவிர்த்து, ஓய்வும் மருத்துவரின் சிகிச்சையும் பெறுதல் வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்கள் அகற்றப்பட்டவருக்குக் கை வீங்குவதும் நிணநீர்த் தேக்கமே. அவருக்கும் தோல் பராமரிப்பு இன்றியமையாதது.

கவனத்திற்குரியவை

கால் வீக்கம் யாவும் நிணநீர்க் கோளாறு அல்ல. இருகாலும் வீங்குவது இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் நோயையும் சுட்டலாம். வலியின்றிப் பல வாரங்கள் நிலைக்கும் கணு வீக்கத்தையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நிணநீரைச் ‘சுத்திகரிப்பதாக’ விற்கப்படும் பானங்கள், நாளம் சிதைந்தவரின் வீக்கத்தைக் குணப்படுத்துவதாக நிறுவப்படவில்லை.

முடிவுரை

யானைக்கால் நோய் காலின் பெயரால் அறியப்பட்டாலும், அது நிணநீர் நாளத்தின் நோயாகும். நாளத்தின் சிதைவை மீட்க இயலாவிடினும், காய்ச்சலைத் தடுப்பதன் வழி மேலும் சிதையாமல் காக்க இயலும். ‘குணமாகாது’ என்பதும் ‘செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை நோயாளிக்கு உணர்த்தும் நலவாழ்வுக் கல்வி, ‘நெறி கட்டுதல்’ போன்று மக்கள் முன்னரே அறிந்த சொற்களிலிருந்து தொடங்குமாயின் எளிதில் சென்று சேரும்.