தனியார் சட்டத்தைப் பற்றி ஊரில் பேசுவது எப்படி?

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் என்ற பேச்சை எடுத்தாலே நமது ஊர்களில் கூட்டம் இரண்டுபட்டுப் போகிறது. திருத்தம் வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால், "இவ எந்த என்ஜீஓவுக்கு வேல செய்யிறா?" என்று பின்வரிசையில் கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம் என்று ஒரு மௌலவி சொன்னால், "ஒங்களுக்குப் பொம்புளைகள்ட கஷ்டம் எங்க வெளங்கப் போகுது?" என்று மறுபக்கம் கேட்கும். அதன்பிறகு சட்டத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது, ஆட்களைப் பற்றித்தான் இருக்கும். இதனைத் தவிர்க்கச் சில வழிகள் உண்டு.

முதலாவது, கூட்டத்தின் நோக்கத்தைச் சுருக்கிக்கொள்வது. நீதியரசர் சலீம் மர்ஸூப் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்ட குழு, தனது அறிக்கையைக் கையளிக்க 2018 ஜனவரி ஆனது. அப்போதும் முக்கியமான சில விடயங்களில் அக்குழு இரு தரப்பாகவே நின்றது. சட்டவல்லுநர்களும் உலமாக்களும் இத்தனை வருடங்கள் இருந்து இணங்காததை, பள்ளிவாசல் மண்டபத்தில் ஒரு பின்னேரத்தில் தீர்த்துவிட முடியாது. எதில் உடன்படுகிறோம், எதில் உடன்படவில்லை, ஏன் என்பதைத் தெளிவாக்கினால் அதுவே போதும். தலைமை தாங்குபவர் இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, சட்டத்தில் இருப்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருடைய கையிலும் கொடுப்பது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் காதியாக ஆண்களை மட்டுமே நியமிக்க இடமளித்தது. 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் விவாகத்தைக்கூட காதியின் அனுமதியுடன் பதியலாம் என்றது. மணமகளின் கையொப்பத்தை அது கேட்கவில்லை. வலியின் ஒப்பமே போதுமானதாக இருந்தது. ஏனைய சமூகத்தவரின் விவாக வயது 1995இல் 18 ஆக உயர்த்தப்பட்டபோதும் இச்சட்டம் மாறவில்லை. இவற்றைத் தெரிந்துகொண்டு பேசினால் பாதிச் சண்டை குறையும்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. சட்டம் என்ன சொல்கிறது, மார்க்கம் என்ன சொல்கிறது, காதி நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது என்பவை மூன்றும் வேறுவேறு கேள்விகள். "ரெண்டு வருஷமா புள்ளைக்குத் தாபரிப்புக் காசு வரல்ல" என்று ஒரு தாய் சொல்கிறாள். "ஷரீஆவில கைவைக்க வேணாம்" என்று பதில் வருகிறது. அவள் கேட்டது அதையல்ல. இருவரும் இரண்டு கேள்விகளைப் பேசும்போதுதான் ஒருவரின் ஈமானை மற்றவர் சந்தேகிக்கத் தொடங்குகிறார். "நீங்க இப்ப பேசுறது இந்த மூண்டுல எதப் பத்தி?" என்று நடத்துபவர் இடையில் கேட்டாலே பேச்சு தடத்துக்கு வந்துவிடும்.

நான்காவது, யார் முதலில் பேசுவது என்பது. திரைக்கு அப்பாலும் ஒரு மைக் இருக்கட்டும். முதற்பேச்சும் அங்கிருந்தே வரட்டும். ஆனால் எந்தப் பெண்ணையும் தன் கதையைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது. சிறிய ஊரில் பெயர் சொல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். விரும்பியவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க, அடையாளம் நீக்கி இன்னொருவர் வாசிக்கலாம். இதனால் அங்கே இல்லாத கணவரின் மானமும் காக்கப்படும்.

தாக்குதல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். "நானா, ராத்தாட கருத்துல எது பிழை எண்டு சொல்லுங்க. ராத்தாவப் பத்தி வேணாம்" என்றால் போதும். பரிகாசம், பட்டப்பெயர், வீண் சந்தேகம், புறம் ஆகியவற்றை சூறத்துல் ஹுஜுராத் தடுத்திருப்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. மஜ்லிஸுக்கு அதைவிட வேறு விதிமுறை தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கோபம் வேறு, தாக்குதல் வேறு. பாதிக்கப்பட்டவளின் குரல் உயரத்தான் செய்யும். அதபு என்ற பெயரில் அவளை உட்கார வைத்தால் கூட்டம் அமைதியாக முடியும், அநியாயம் அப்படியே இருக்கும். குரலின் சத்தத்தை விட்டுவிட்டு, சொல் யாரைக் குறிவைக்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

இறுதியில், உடன்பட்டவற்றையும் உடன்படாதவற்றையும் இரண்டு நிரல்களாக எழுதி, சபையிலேயே வாசித்துக் காட்டி, அடுத்த கூட்டத்தின் திகதியையும் சொல்லிவிட்டுக் கலையுங்கள். தன் கருத்து பிழையில்லாமல் எழுதப்பட்டதைக் கண்டவர் அடுத்த முறையும் வருவார்.